மொட்டை அம்பு

கடைசி அம்புத் தண்டையும் அறுத்து முடித்தாள் ஹெல்மி. அறுப்புச் சக்கரம் கிறீச்சிட்டு அடங்கியதும் கராஜுக்குள் காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. முகமூடியைக் கழற்றிவிட்டு, அறுத்த நுனியை ஈரத்துணியால் துடைத்தாள். துணியில் கார்பன் தூள் மையாக ஒட்டியது. காலடியில் விரல் நீளத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு துண்டிலும் ஒரு வெள்ளைப் பென்சில் கோடு இருந்தது.

அந்தக் கோடுகளைப் போட்டவன் அவள் கணவன் ரெய்னோ. போன வாரம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, தண்டுகளை மடியில் அடுக்கி, அளவு நாடாவைத் தானே பிடித்து, கை நடுங்க நடுங்கப் போட்டான். யாரையும் தொட விடவில்லை. ஆனால் கோடு மூன்று அங்குலம் தள்ளி விழுந்திருந்தது. அவன் வில்லை இழுக்கும் அளவு அவளுக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். அவன் சட்டை அளவு மறந்தாலும் மறக்கும், அது மறக்காது. மருந்து செய்த வேலை என்று நினைத்துக்கொண்டாள். நாக்குக்கு அடியில் விடும் அந்தச் சொட்டு மருந்து வலியை எடுத்துக்கொண்டு போகும்போது வேறு சிலதையும் கூடவே அள்ளிக்கொண்டுதான் போகிறது. நேற்று அவளையே செத்துப்போன அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவன் தப்பை அவனுக்குத் தெரியாமல் திருத்திவிடுவது தன்னால் முடிந்த சின்ன உபகாரம் என்று அவளுக்குப் பட்டது. கோட்டை விட்டுவிட்டு, அவனுடைய சரியான அளவில் அறுத்தாள்.

கார்பன் என்பதே ஆச்சரியம்தான். ரெய்னோ தேவதாருத் தண்டைத் தவிர வேறெதையும் வில்லில் வைத்ததில்லை. கார்பன் அம்பு வைத்திருப்பவனைக் கண்டால் காறித் துப்பாத குறையாகப் பேசுவான். அப்பேர்ப்பட்டவன் சாகக் கிடக்கும்போது கடைக்காரனைப் போனில் பிடித்து, எந்தத் தண்டு எவ்வளவு விறைப்பு, எவ்வளவு கனம் என்று துருவித் துருவி விசாரித்து, மூன்று வகையை வரவழைத்து, ஒவ்வொன்றையும் முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்து, இரண்டைத் திருப்பி அனுப்பினான். வேட்டைக்குப் போகிற ஆசை இன்னும் விடவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் தடுக்கவில்லை. உள்ளுக்குள் கோபம் மட்டும் இருந்தது. போகிறவன் மிச்சமிருக்கிற மூச்சையெல்லாம் அம்புக்கே செலவழிக்கிறானே, எனக்கென்று ஒரு வார்த்தை ஒதுக்கக்கூடாதா என்று.

தண்டுகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். பெரிய ஏரியிலிருந்து காலையில் ஏறி வந்த மூடுபனி முற்றத்தை விட்டுப் போக மனமில்லாமல் நின்றது. ஆவிக் குளியலுக்கான சவுனா குடிசை பாதிதான் தெரிந்தது. அதன் புகைபோக்கி எதன் மேலும் இல்லாமல் தனியாக நின்றது. மேப்பிள் இலைகள் விழுவது தெரியவில்லை, விழுந்த பிறகு சிவப்பாகக் காலடியில் இருந்தன. ஒழுங்காகத் தூங்கிப் பல நாளாகிவிட்டதால் அவளுக்கும் எல்லாமே தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியே இருந்தது. தான் நடக்கிறோமா, யாரோ நடத்திக்கொண்டு போகிறார்களா என்று புரியாமல் வீட்டுக்குள் போனாள்.

முன்னறையில் சன்னலோரமாகப் போட்டிருந்த கட்டிலின் பக்கத்தில் நர்ஸ் ட்ரூடி நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெல்மியைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இன்னைக்குப் பொழுது தாண்டினாலே பெரிசு. யாருக்காவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க."

"சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு," என்றாள் ஹெல்மி. பிள்ளை குட்டி இல்லாத வீடு. சொல்வதற்கு அதிகம் பேர் இல்லை.

கட்டிலுக்கு வந்து ஒரு தண்டை அவன் கையில் வைத்தாள். கண்ணை மூடியபடியே அதை விரல்களுக்கு இடையில் உருட்டினான். உருளும்போது கோணல் இருக்கிறதா என்று அந்த விரல்களுக்கு இன்னமும் தெரிந்தது.

"அறுத்தாச்சா?"

"ஆச்சு."

"கோட்டுலதானே?"

"கோட்டுலதான்." எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்.

"முனைய ஒட்டிட்டு மொட்டையா விட்டுப் பாரு. சன்னலத் தொறந்து வை, நான் கேட்டுக்கிட்டே கெடக்கேன்."

"குளிரும் ரெய்னோ."

"செத்தவனுக்கு என்ன குளிரு?"

"இன்னும் சாகல. அதுக்குள்ள வாயப் பாரு."

அவன் உதடு ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. பிறகு சுவரோரம் பார்த்து, "அந்தப் பெட்டை மானை வெரட்டாத. குட்டியோட நிக்குது," என்றான். சுவரோரம் நாற்காலிதான் இருந்தது. ஹெல்மி அந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே போனாள்.

இறகு ஒட்டாத அம்புதான் மொட்டை அம்பு. இறகு இருந்தால் எந்தக் கோணலையும் அது வழியிலேயே சரிக்கட்டிவிடும். மொட்டை அம்பு எதையும் மறைக்காது. வைக்கோல் பொதியில் குத்தி நிற்கும்போது வால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் போதும். வலக்கையால் நாணை இழுப்பவருக்கு வால் இடப்பக்கம் சாய்ந்தால் தண்டு தொய்வு, முனையின் கனத்தைக் குறைக்க வேண்டும். வலப்பக்கம் சாய்ந்தால் விறைப்பு, கனத்தைக் கூட்ட வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ரெய்னோ ஒப்பிப்பான்.

அவனுடைய வில்லையே எடுத்துக்கொண்டு போய் முற்றத்தில் நின்றாள். பொதி மூடுபனிக்குள் மஞ்சளாக மங்கித் தெரிந்தது. இழுத்தாள், விட்டாள். தொப்பென்று சத்தம் கேட்டது. சன்னலுக்குள்ளிருந்து நூல் போன்ற குரல் வந்தது.

"வாலு எந்தப் பக்கம்?"

கிட்டப் போய்ப் பார்த்தாள். "இடது!"

"அப்ப வெறைப்பு. கனத்தக் கூட்டணும்."

"இல்ல ரெய்னோ. இடதுன்னா தொய்வுல்ல? கொறைக்கணும்."

"வெறைப்புதான். அவன்கிட்டச் சொல்லு, பெரிய முனையாப் போடச் சொல்லு. மாட்டேன்னு மல்லுக்கு நிப்பான். நீ சொல்லு."

ஹெல்மிக்கு முதலில் அழுகைதான் வந்தது. இடது வலதுகூடப் போய்விட்டதே என்று நினைத்தாள். அம்பைப் பிடுங்கக் கையை நீட்டியவள் அப்படியே நின்றாள். அவன்கிட்டச் சொல்லு. எவன்கிட்ட?

இடக்கையால் இழுப்பவனுக்கு எல்லாம் தலைகீழ். அவனுக்கு வால் இடப்பக்கம் சாய்ந்தால் விறைப்புதான். அந்தக் குடும்பத்தில் இடக்கையால் வில் இழுப்பவன் ஒருவன்தான் இருந்தான். சட்டைக் கை எட்டாத நீளக் கையன். கொக்கு என்றுதான் வீட்டில் அவனுக்குப் பெயர். ரெய்னோவின் தம்பி வெய்க்கோ.

கோடு தள்ளி விழவில்லை. அது வெய்க்கோவின் கைக்குப் போட்ட கோடு.

ஒன்பது வருஷமாக அண்ணன் தம்பிக்குப் பேச்சில்லை. காரணத்தைக் கேட்டால் ஊரே சிரிக்கும். வேட்டைக் குடிலுக்கு ஒரு வருஷம் வெய்க்கோ கார்பன் அம்போடு வந்தான். மரத்தண்டு மழையில் கோணிக்கொள்கிறது, எனக்குக் கட்டுப்படியாகவில்லை என்றான். ரெய்னோவுக்கு அன்றைக்கு வாய்க்கொழுப்பு. "அப்பா செஞ்சு குடுத்த வில்லுல அடுப்புக் குழாய வெச்சு விடுறான் பாருங்கடா. கொக்குக்கு எதுக்கு மான் வேட்டை? போய் மீன் புடி," என்றான். குடிலே சிரித்தது. வெய்க்கோ சூப்புக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனவன்தான். அந்த வம்சத்தில் முதலில் பிடிவாதம் பிறந்தது, அப்புறம்தான் பிள்ளைகள் பிறந்தார்கள். ரெய்னோ ஒரு தடவைகூட அவன் பேரை எடுக்கவில்லை. ஹெல்மியும் எடுப்பதை விட்டுவிட்டாள்.

இப்போது வாயால் வராத மன்னிப்பைக் கையால் செய்துகொண்டிருந்திருக்கிறான். தான் கேலி செய்த அதே குழாயில், தம்பியின் கை நீளத்துக்கு. அதைத்தான் அவள் மூன்று அங்குலம் அறுத்துக் குப்பையில் போட்டிருக்கிறாள். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், அக்கறைக்காரிக்கும் மட்டுதான். அறுத்த தண்டு வளராது. நீளக் கையன் குட்டைத் தண்டை முழுக்க இழுத்தால் முனை வில்லைத் தாண்டி உள்ளே வந்து விழும். அப்படியே விட்டால் வில் பிடித்த கையிலேயே பாயும். அண்ணன் கடைசியாகச் செய்து கொடுத்ததைத் தம்பி சுவரில் மாட்டலாம், வில்லில் வைக்க முடியாது. ஹெல்மி வைக்கோல் பொதியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள்.

பிறகு போனை எடுத்தாள். எண் மறக்கவில்லை.

"வெய்க்கோ, நான் ஹெல்மி."

"போயிட்டானா?"

"இன்னும் இல்ல. இன்னைக்குன்னு சொல்றாங்க."

"என்னை வரச் சொன்னானா?"

"அவன் என்னைக்கு என்ன சொல்லியிருக்கான்? உனக்கு அம்பு செஞ்சிருக்கான்."

"மரத்துலயா?"

"கார்பன்ல."

மறுமுனையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம். "ரோடு வழுக்கும். ரெண்டு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் இருக்கச் சொல்லு."

"நீயே வந்து சொல்லு. நான் சொன்னா என்னைக்குக் கேட்டான்?"

அந்த நேரம் எப்படிப் போனது என்று பின்னால் யோசித்தபோது ஹெல்மிக்கு நினைவில்லை. ட்ரூடி அவன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டிருந்தாள். யாரோ பக்கத்து வீட்டிலிருந்து ஏலக்காய் ரொட்டியும் மீன் சூப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். ரெய்னோ அவ்வப்போது ஏதோ ஒரு காட்டிலிருந்து பேசினான். காற்று மாறிவிட்டது, இருமாதே என்றான். அவளும் இருமாமல் உட்கார்ந்திருந்தாள். திறந்திருந்த சன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து கட்டில் கால்களைத் தொட்டுக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. நிஜமாகவே வந்ததோ என்னவோ. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவன் பக்கம் குனிந்தாள். மூடிய கண்ணுக்கு மேல் புருவம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்லாமல் விட்டால் மட்டும் வெய்க்கோவின் கைக்கு அது தெரியாமல் போய்விடுமா?

வாசலில் வண்டி நின்றது. நிலைப்படிக்குத் தலையைக் குனிந்து வெய்க்கோ உள்ளே வந்தான். நரைத்திருந்தான், முதுகு கூனவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உட்காரச் சொல்லாத விருந்தாளி மாதிரி கட்டில் ஓரத்தில் நின்றான்.

ரெய்னோ கண்ணைத் திறக்காமலேயே, "கொக்கு," என்றான்.

"ம்."

"வழியில மீன் புடிச்சியா?"

"உனக்குப் பயந்து ஏரிப் பக்கமே திரும்பல."

ட்ரூடி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அம்பு இருக்கு."

"ஹெல்மி சொன்னா."

"குழாய்தான்."

"ஆமா. குழாய்தான்."

அவ்வளவுதான். ஒன்பது வருஷம் அதிலேயே கரைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அதற்கு மேல் சொல்ல இரண்டு பேரிடமும் சரக்கில்லை.

"போய் விட்டுப் பாரு. நான் கேக்கறேன்."

வெய்க்கோ மேசை மேலிருந்த அம்பு ஒன்றை எடுத்தான். பழக்கத்தில் அதன் வாலை நெஞ்சில் வைத்துக் கையை நீட்டினான். விரல் நுனியைத் தாண்ட வேண்டிய முனை அவன் மணிக்கட்டைக்கூடச் சரியாகத் தாண்டவில்லை. அவன் நிமிர்ந்து ஹெல்மியைப் பார்த்தான். அவள் முகத்தில் என்ன இருந்ததோ, மெதுவாகக் கையை மடக்கிக்கொண்டான்.

"அளவு எப்படி?" என்றான் ரெய்னோ.

"கச்சிதம்," என்றான் வெய்க்கோ.

அவன் வண்டியிலிருந்து வில்லை எடுத்து நாண் பூட்டும்போது ஹெல்மி பின்னாலேயே ஓடினாள். சன்னலுக்குக் கேட்காமல், "கோடு சரியாத்தான் போட்டிருந்தான். மருந்துல போட்டதுன்னு நெனச்சு நான்தான் அவன் அளவுக்கு அறுத்துட்டேன். உனக்குன்னு சொல்லவே இல்ல வெய்க்கோ," என்றாள்.

"சொல்லியிருக்க மாட்டான்."

"இத நீ முழுசா இழுத்தா கை போயிரும்."

"தெரியும்." நாணை விரலால் ஒரு தரம் தட்டிப் பார்த்தான். "யாரு முழுசா இழுக்கச் சொன்னா?"

வில்லாளிக்குப் பாதியில் நிறுத்துவதுபோல் கேவலம் வேறில்லை. பயந்தவனும் பழகாதவனும்தான் அப்படி இழுப்பான். வாழ்நாள் முழுக்கக் காது மடல்வரை இழுத்தவன் வெய்க்கோ. அவன் காலை ஊன்றி நின்று இழுத்தான். முழங்கை பின்னால் போய்க்கொண்டே இருந்தது, தாடைக்கு முன்னால் வெறும் காற்றில் நின்றது. விட்டான்.

"வாலு?" என்றது சன்னல்.

வெய்க்கோ போய்ப் பார்த்தான். "இடது."

"நான் சொல்லல? வெறைப்பு. பெரிய முனையாப் போடு."

"போடமாட்டேன்னா?"

"மல்லுக்கு நிக்காதடா."

ஹெல்மி பெரிய முனையைச் சூடு காட்டி ஒட்டிக் கொடுத்தாள். வெய்க்கோ மறுபடியும் அந்தரத்தில் கையை நிறுத்தி விட்டான். மூன்றாவது தரம் இன்னும் கனமான முனை. இந்தத் தடவை தொப் என்ற சத்தமே வேறாக இருந்தது. வட்டமாக, எங்கேயும் பிசிறில்லாமல் இருந்தது. ஹெல்மி ஓடிப்போய்ப் பார்த்தாள். அம்பு பொதிக்குள் ஆணி அடித்ததுபோல் நேராக நின்றது.

"நேரா!" என்று அவளே கத்தினாள். அன்று காலையிலிருந்து அவள் ரெய்னோவுக்குச் சொன்னதில் கலப்படமில்லாத ஒரு சொல் அது.

உள்ளே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஏற்கெனவே குளிர்ந்திருந்தது. வெளியே வெய்க்கோ அடுத்த அம்பைத் தயார் செய்யும் அரவம் கேட்டது. ரெய்னோ கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். இந்தத் தடவை அத்தையை இல்லை, அவளைத்தான்.

"ஹெல்மி. வேற யாராயிருந்தாலும், மருந்துல ஒளறுறான்னு என் அளவுக்கு அறுத்திருப்பாங்க. நீ ஒருத்திதான் கோட்டுல அறுத்த."

இத்தனை நாள் ஒரு வார்த்தை வேண்டும் என்று காத்திருந்தாள். வந்துவிட்டது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நீ போட்ட கோட்ட நான் என்னைக்குத் தாண்டியிருக்கேன்?" என்றாள்.

"தெனமும்தான் தாண்டுன," என்றான் அவன். மூச்சோடு சேர்ந்து ஒரு சிரிப்பு வந்தது. வெளியே தொப்பென்று கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தொப். அவன் விரல்கள் அவள் கைக்குள் தளர்ந்தன. ட்ரூடி அருகில் வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். சன்னலைச் சாத்தப் போனவளை ஹெல்மி கையைக் காட்டித் தடுத்தாள். வெய்க்கோ மிச்ச அம்புகளையும் விட்டு முடிக்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் கை அவன் கையை அழுத்தியது. ஒன்றுகூடக் கோணலாக விழவில்லை.

அடக்கத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம், தேவாலயத்துக்குக் கொடுக்க வேண்டிய ரொட்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டே அவள் சொன்னாள்.

"கடைக்காரன்கிட்டப் பேசிட்டேன். அதே தண்டு இருக்காம். உன் நீளத்துக்கு வரவழைச்சுத் தரேன். அவன் போட்ட கோட்டுலயே அறுக்கறேன்."

வெய்க்கோ சமையலறை மேசையில் அம்புகளுக்கு இறகு ஒட்டிக்கொண்டிருந்தான். பசை காயும்வரை இறகை விரலால் பிடித்துக்கொண்டு, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் சொன்னான்.

"அம்பு அளவு சரிதான். என் கைதான் கொஞ்சம் நீளம்."

அவள் ரொட்டித் துணியின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள்.

மறுநாள் காலையில் மூடுபனி விலகியிருந்தது. கறுப்பு உடை மாற்றிக்கொண்டு காபி போட வந்தவள் சன்னல் வழியாகப் பார்த்தாள். முற்றத்தில் வெய்க்கோ அடக்கத்துக்குப் போகும் வெள்ளைச் சட்டையும் டையுமாக வில்லோடு நின்றிருந்தான். மேல்கோட்டு சவுனா கதவில் தொங்கியது. அவன் அம்பை விடவில்லை. இழுத்தான், தாடைக்கு முன்னால் காற்றில் நிறுத்தினான், பிடித்திருந்தான், இறக்கினான். மறுபடியும் அதையே செய்தான். ஒரு தடவை கை தன் பழக்கத்தில் காதுவரை போய்விட்டது. முனை வில்லைத் தாண்டி உள்ளே நழுவி, அம்பு புல்லில் விழுந்தது. அவன் குனிந்து எடுத்து, பனி ஈரத்தைக் கால்சட்டையில் துடைத்து, நாணில் பூட்டி, மறுபடியும் முதலிலிருந்து இழுத்தான்.